முதல் அத்தியாயத்தில் வராதவர்கள்

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, திருவொற்றியூரில் ஒரு மொட்டை மாடியில் ஆறு பேர் கூடுகிறோம். ஒரு பள்ளி ஆசிரியை, எங்கள் எல்லோருக்கும் அக்கா. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் நண்பன். சட்டம் படிக்கும் தங்கை ஒருத்தி. தபால் துறையில் ஓய்வுபெற்ற ஒரு சார். பிறகு நான். எனக்கு ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை. மெட்ரோவும் பஸ்ஸுமாகப் போய்வரத் தினமும் மூன்று மணி நேரம் ஆகும். நான் வாசித்ததில் பாதி அந்த மூன்று மணி நேரத்தில் வாசித்ததுதான்.

கூடி என்ன பண்றீங்க என்று அம்மா கேட்டால் "கதை எழுதுறோம்" என்பேன். என்ன கதை என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவேன். துப்பறியும் கதை. ஒருவர் சாக வேண்டும், யாரோ கொன்றிருக்க வேண்டும், அது யார் என்பது கடைசிப் பக்கத்தில் தெரிய வேண்டும். முப்பது வயதுக்கு மேல், வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாவது நாள் பிணத்தை எங்கே போடலாம் என்று பேசுவதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாங்கள் ஆறு பேருமே தமிழ் வாசிக்கக் கற்றது இந்தக் கதைகளில்தான். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள். ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி. சுபா என்பது ஒருவர் இல்லை, இரண்டு நண்பர்கள் என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. பிறகு சுஜாதாவின் கணேஷும் வசந்தும். அவரும் இன்ஜினியர் என்பது இன்ஜினியரிங் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு ஒரு ரகசிய ஆறுதல். அக்கா இன்னும் பின்னால் போவார். தமிழ்வாணனின் சங்கர்லால், அதற்கும் முன்னால் வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார். நூறு வருடத்துக்கும் மேலாகத் தமிழில் "யார் செய்தது?" என்ற கேள்வி விற்றுக்கொண்டிருக்கிறது.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது நேர்மையான கேள்வி என்று வெகுநாள் நம்பியிருந்தேன். போன வருடம் நாங்கள் விளையாடிய ஒரு விளையாட்டுக்குப் பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

*

விளையாட்டு எங்களுடையதல்ல. 1930ல் லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சேர்ந்து 'டிடெக்‌ஷன் கிளப்' என்று ஒரு சங்கம் வைத்தார்கள். அந்தோணி பெர்க்லி முன்னின்று தொடங்கியது. முதல் தலைவர் ஜி.கே. செஸ்டர்டன். டோரத்தி சேயர்ஸ், அகதா கிறிஸ்டி எல்லாம் உறுப்பினர்கள். மாதாமாதம் சாப்பாடு, பேச்சு. புதிதாகச் சேருகிறவர் ஒரு மண்டையோட்டின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மண்டையோட்டுக்கு எரிக் என்று பெயர்.

வேடிக்கைக்குப் பின்னால் ஒரு தீவிரம் இருந்தது. வாசகரை ஏமாற்றக் கூடாது என்பதுதான் சத்தியத்தின் சாரம். துப்பறிவாளர் கண்டுபிடிக்கும் தடயம் வாசகருக்கும் கிடைத்திருக்க வேண்டும். முடிச்சைத் தெய்வவாக்கு வந்தோ, தற்செயலாகவோ, கடவுள் செயலாகவோ அவிழ்க்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

கிளப் தொடங்கிய காலத்தில் விதிகள் எழுதுவது ஒரு மோஸ்தராகவே இருந்தது. 1928ல் அமெரிக்கரான எஸ்.எஸ். வான் டைன் இருபது விதிகள் எழுதினார். 1929ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் பத்துக் கட்டளைகள் எழுதினார். அவருடைய ஐந்தாவது கட்டளை, கதையில் சீனாக்காரர் வரக் கூடாது என்கிறது. கேட்டால் இனவெறி மாதிரி இருக்கும். விஷயம் நேர்மாறானது. அந்தக் கால மலிவு நாவல்களில் வில்லன் என்றாலே சீனாக்காரன். அந்தச் சோம்பேறித்தனத்தைத்தான் அவர் தடுக்கப் பார்த்தார். இதை வாசித்ததும் எங்கள் குழு ஒருமனதாக ஒரு விதியை நிறைவேற்றியது: கதையில் வடசென்னை ரௌடி வரக் கூடாது. கழுத்தில் தாயத்து, கையில் பட்டாக்கத்தி, வாயில் "இன்னாபா" என்று யாரும் உள்ளே நுழையக் கூடாது. சினிமா எங்களை அப்படிக் காட்டியதே போதும்.

1931ல் அந்த கிளப் உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு நாவல் எழுதினார்கள். 'மிதக்கும் அட்மிரல்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். ஆற்றில் மிதக்கும் படகில் ஓர் அட்மிரலின் பிணம். ஒருவர் ஓர் அத்தியாயம் எழுதி அடுத்தவரிடம் கொடுப்பார். ஆனால் இஷ்டத்துக்கு எழுத முடியாது. தனக்கு முன்னால் போடப்பட்ட எல்லாத் தடயங்களுக்கும் பொருந்தும் ஒரு விடையை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்த விடையை எழுதியும் கொடுத்தார்கள். நாவலின் கடைசியில் அந்த விடைகளும் அச்சாகியிருக்கின்றன. ஒரே பிணம், ஒரே தடயங்கள், ஆளுக்கொரு விடை.

நாமும் இப்படி ஒன்று செய்வோம் என்று அக்கா சொன்னார். தபால் சார் அடுத்த ஞாயிறே ஆறு பழுப்புக் கவர்களும் கோந்து பாட்டிலும் கொண்டுவந்துவிட்டார். சீட்டுக் குலுக்கியதில் முதல் அத்தியாயம் எனக்கு வந்தது.

*

நான் எழுதியது இதுதான். மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலை. இரவு ஷிப்டு. ஒரு குழாயைக் கழற்ற வேண்டிய வேலை. அதற்கு முன்னால் மேலே இருக்கும் வால்வை மூடி, குழாயில் எதுவும் வரவில்லை என்று ஆப்பரேட்டர் பர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடுகிறார். எர்ணாவூரைச் சேர்ந்த இருபத்திரண்டு வயது கான்ட்ராக்ட் பையன் பிளாஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றுகிறான். உள்ளேயிருந்து விஷவாயு வருகிறது. பையன் விழுகிறான். வால்வு மூடித்தான் இருந்தது. ஆனால் மூடியும் கசிகிற வால்வு அது. ஆலை பாஷையில் 'பாஸ் ஆகிற' வால்வு. கன்ட்ரோல் ரூம் மேஜையில் ஒரு ரெஜிஸ்டர் திறந்து கிடக்கிறது. ஐந்து மாதமாக ஒரே வரி அதில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது: வால்வை மாற்ற வேண்டும்.

இதற்குமேல் ஆளுக்கோர் அத்தியாயம். ஆறு மாதத்தில் கதை முடிந்தது. கிளியரிங் அண்ணன் கான்ட்ராக்டருக்கு ஒரு சீட்டுக் கம்பெனிக் கடனை உண்டாக்கினார். மெடிக்கல் ஷாப் நண்பன் இறந்தவனின் ரத்தத்தில் தூக்க மருந்தைக் கலந்தான். நன்றாகவே போனது. கடைசி ஞாயிறு, எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுக் கவர்களைப் பிரித்தோம்.

ஒரு கவரில் கொலையாளி கான்ட்ராக்டர். ஒன்றில் இறந்தவனோடு வேலை செய்த கூட்டாளி. மீதி நான்கிலும் ஆப்பரேட்டர். பழைய பகை, காதல், பணம், பையன் பார்த்துவிட்ட ஒரு திருட்டு என்று காரணம் மட்டும் மாறியது. ஆள் மாறவில்லை. "பாத்தியா, நாலு பேரு கரெக்டா புடிச்சிட்டோம்!" என்று நண்பன் கைதட்டினான்.

நான் கைதட்டவில்லை. அது கதையல்ல என்று அவர்களிடம் நான் சொல்லியிருக்கவில்லை. நான் எட்டாவது படித்தபோது ஓர் ஆலையில் நடந்தது. அந்த ஆப்பரேட்டர் என் அப்பா.

அந்த நான்கு கவர்களில் ஒன்று என்னுடையது.

*

எப்படி அதை எழுதினேன் என்று பல நாள் யோசித்தேன். அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. நடந்ததும் தெரியும். உள்விசாரணையில் 'ஆப்பரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். மூன்று மாதம் சஸ்பென்ஷன். தெருவில் சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு சொற்களை எப்படியும் பொய்யென்று காட்டத்தான் இந்தக் கதையையே ஆரம்பித்தேன். ஆனால் விடை எழுத உட்கார்ந்ததும் கை அங்கேதான் போனது. ஏனென்றால் கதை அங்கேதான் சரியாகப் பொருந்தியது.

பொருந்தவைத்தது விதிகள். நாக்ஸின் முதல் கட்டளை, குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே அறிமுகமானவராக இருக்க வேண்டும் என்கிறது. வாசகருக்கு இது நியாயம். முன்னூறாவது பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து இவர்தான் என்றால் புத்தகத்தைத் தூக்கி எறிவோம். வான் டைனின் பன்னிரண்டாவது விதி, எத்தனை கொலை விழுந்தாலும் குற்றவாளி ஒருவர்தான் இருக்க வேண்டும் என்கிறது. அதுவும் நியாயம். வாசகரின் கோபம் முழுவதும் இறங்க ஓர் இடம் வேண்டும். பதினெட்டாவது விதி, கடைசியில் இது விபத்து என்று முடிக்கக் கூடாது என்கிறது.

இந்த மூன்றையும் என் முதல் அத்தியாயத்தோடு சேர்த்துப் பாருங்கள். விபத்தாக இருக்கக் கூடாது. ஒரே ஆள்தான். அவர் முதல் அத்தியாயத்தில் வந்திருக்க வேண்டும். வால்வு மாற்றுவதை ஐந்து மாதம் தள்ளிப்போட்டது யார்? ஷட்டவுன் எடுத்தால் உற்பத்தி குறையும் என்று கணக்குப் போட்டது யார்? பாதுகாப்புப் பயிற்சி கொடுக்காமல் கான்ட்ராக்ட் ஆளை உள்ளே விட்டது எந்த ஒப்பந்தம்? இவர்கள் யாரும் முதல் அத்தியாயத்தில் இல்லை. இருக்கவும் முடியாது. இரவு ஷிப்டில் அவர்கள் அங்கே இல்லை. பகலிலும் பெரும்பாலோர் இல்லை. அவர்களுடைய மேஜை வேறு ஏதோ ஊரில் இருந்தது. காட்சியில் இருந்தவர்கள் போல்ட் கழற்றியவனும் கையெழுத்துப் போட்டவரும் மட்டும்தான். அங்கே இருந்ததே அவர்களைச் சந்தேகத்துக்குரியவர்கள் ஆக்கியது.

விதிகளில் தவறில்லை. அவை வேறொரு வகை மரணத்துக்காகச் செய்யப்பட்டவை. அந்த வகையும் எங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது. 1952 ஆகஸ்டில் ஆளவந்தார் என்ற பேனா வியாபாரி சென்னையில் காணாமல் போனார். தலையில்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டியில், தனுஷ்கோடி போகும் போட் மெயிலில், மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. தடயங்கள் ராயபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போயின. ஒரு தம்பதி கைதானார்கள். விசாரித்த நீதிபதி பஞ்சாபகேச ஐயர் தானே நாவல்களும் நாடகங்களும் எழுதியவர். கணவனுக்கு ஏழு வருடம், மனைவிக்கு மூன்று வருடம். ஒரு பிணம், ஒரு வீடு, ஒரு தீர்ப்பு. எழுபது வருடம் கழித்தும் தபால் சார் அதை நேற்று நடந்ததுபோல் சொல்வார். கதை சொல்ல வசதியான மரணம் அது. எர்ணாவூர்ப் பையனுடையது அப்படியல்ல.

*

சரி, 'யார்?' என்று கேட்காமலே விட்டுவிடலாமா? என் தொழிலில் அதற்கு ஒரு பதில் உண்டு.

மென்பொருள் துறையில் சர்வர் விழுந்தால், பணப் பரிவர்த்தனை நின்றால், எல்லாம் சரியான பிறகு ஓர் அறிக்கை எழுதுவோம். போஸ்ட்மார்ட்டம் என்றே பெயர். அதில் முக்கியமான ஒழுங்கு, யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பது. தவறான கட்டளையைத் தட்டியது யார் என்று எழுத மாட்டோம். தவறாகத் தட்ட முடிகிற மாதிரி அமைப்பு ஏன் இருந்தது என்று எழுதுவோம். கூகுள் தன் அனுபவத்தைத் தொகுத்து 2016ல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. இந்த மனப்பான்மை விமானத் துறைக்கும் மருத்துவமனைகளுக்கும் பழையது. பயந்தவன் உண்மையை மறைப்பான். மறைத்தால் அதே விபத்து திரும்ப நடக்கும். எளிமையான தர்க்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஓர் அறிக்கையை வாசித்துவிட்டு, அப்பாவுக்கு இது கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

ஆனால் அந்த அறிக்கைகளை நானே பத்து வருடம் எழுதிய பிறகு அவற்றின் இலக்கணம் உறுத்த ஆரம்பித்தது. "பிழை ஏற்பட்டது." "எச்சரிக்கை கவனிக்கப்படவில்லை." "முடிவு ஒத்திவைக்கப்பட்டது." எழுவாய் இல்லாத வாக்கியங்கள். பயந்துபோன ஜூனியரைக் காப்பாற்ற வந்த அதே வாக்கியம், ஒத்திவைத்த மேலதிகாரியையும் கூடவே காப்பாற்றிவிடுகிறது. சர்வர் விழுந்தால் பரவாயில்லை. யாரும் சாவதில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த இலக்கணம் வேறு மாதிரி கேட்கும். 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. "எண்ணெய்க் கசிவு ஏற்பட்டது." எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பக்கெட்டில் தார்போன்ற அந்தச் சேற்றை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. வலையும் படகும் கறுத்தன, கூழைக்கடாக்களின் இறகு கறுத்தது. "எண்ணெய் கலந்தது." அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா. ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். "வாயுக் கசிவு உணரப்பட்டது." உணரப்பட்டதாம். மூக்கு யாருடையது என்பதுகூட அந்த வாக்கியத்தில் இல்லை.

இப்போது அந்தச் சத்தியத்துக்கு வருகிறேன். மண்டையோட்டின் மேல் கைவைத்து, கடவுள் செயல் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன் என்றார்கள் அல்லவா? கதை எழுதுகிறவர்களுக்கு இருந்த அந்த வெட்கம் ஆலை நடத்துகிறவர்களுக்கு இருப்பதில்லை. புயல் வந்தது, வெள்ளம் வந்தது, பாறை நகர்ந்தது. ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த இடத்தில் கதை முடிந்துவிடுகிறது.

சட்டம் படிக்கும் தங்கை ஒரு ஞாயிறு இதற்கு ஒரு பதில் கொண்டுவந்தாள். 1985 டிசம்பரில், போபால் நடந்து ஒரு வருடம் ஆன சமயம், டெல்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கு அது. தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் 1986 டிசம்பரில் சொன்னது இது: ஆபத்தான ஒன்றை வைத்துத் தொழில் நடத்துகிறாய், லாபம் எடுக்கிறாய் என்றால், அதனால் வரும் தீங்குக்கு நீதான் பொறுப்பு. கவனமாகத்தான் இருந்தேன் என்று சொல்ல முடியாது. பழைய ஆங்கிலேயச் சட்டம் அனுமதித்த கடவுள் செயல் போன்ற விலக்குகளும் கிடையாது.

கவனியுங்கள், இந்தத் தீர்ப்பு 'யார் செய்தது?' என்று கேட்கவில்லை. 'எப்படி நடந்தது?' என்பதோடும் நிற்கவில்லை. 'இது யாருடைய பொறுப்பு?' என்று கேட்டது. மூன்றும் வெவ்வேறு கேள்விகள். துப்பறியும் கதை முதலாவதைக் கேட்கிறது. என் ஆபீஸ் இரண்டாவதைக் கேட்கிறது. முதலாவதை மட்டும் கேட்டால் பழி கையெழுத்துப் போட்டவன் தலையில் விடியும். இரண்டாவதை மட்டும் கேட்டால் பழியே காற்றில் கரைந்துபோகும். மூன்றாவதைக் கேட்கத்தான் யாருக்கும் நேரமிருப்பதில்லை. அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை வருடமாகியும் பாரதியார் நகரில் பக்கெட்டைத் தூக்கியது யார் என்று நமக்குத் தெரியும்.

*

கவர்கள் பிரித்து இரண்டு வாரம் கழித்து அப்பாவிடம் சொன்னேன். மாலை நேரம், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த விஷயத்தை ஒரு கதைல எழுதிட்டேன்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "யாரு பண்ணான்னு எழுதுன?"

நான் பதில் சொல்லவில்லை.

"நானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "கரெக்டாதான் எழுதிக்கிற."

"இல்லப்பா. நீ வால்வை மூடுன. அது பாஸ் ஆச்சு. நீ என்ன பண்ண முடியும்? சிஸ்டம் அப்படி."

"பாஸ் ஆவுதுன்னு எனக்குத் தெரியும்டா. நான்தான் ரெஜிஸ்டர்ல எழுதிக்கினே இருந்தேன். ஷட்டவுன்ல பாத்துக்கலாம்னாங்க. ஷட்டவுனு தள்ளித் தள்ளிப் போச்சு. அன்னிக்கு ஒரு நாளு கையெழுத்து போடமாட்டேன்னு சொல்லிருக்கலாம். சொல்லல. அந்தப் பையனோட அம்மாகிட்ட போயி, சிஸ்டம்தாம்மா உன் புள்ளையக் கொன்னுச்சுன்னு சொல்ல முடியுமா?"

அந்த அம்மாவிடம் அப்பா போய்க்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு வருடமும் பையனின் நினைவு நாளன்று, கொஞ்சம் பழமும் ஒரு கவரில் பணமும் எடுத்துக்கொண்டு. முதல் இரண்டு வருடம் கதவு திறக்கவில்லை. மூன்றாவது வருடம் திறந்தது, பேச்சில்லை. இப்போதெல்லாம் டீ கொடுக்கிறார்களாம். ஆலையிலிருந்து வேறு யாரும் அந்த வாசலுக்குப் போனதாக அப்பாவுக்குத் தெரியாது.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1976ல் ஓர் உதாரணம் சொன்னார். ஒரு லாரி டிரைவர். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. ஒரு குழந்தை குறுக்கே வந்து அடிபட்டுச் சாகிறது. உன் தவறில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வதும் சரிதான். ஆனால் அந்த டிரைவர் உடனே, ஆமாம், என் தவறில்லை என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனால் அவரிடம் ஏதோ சரியில்லை என்று நமக்குத் தோன்றும். வேடிக்கை பார்த்தவருக்கு வரும் வருத்தம் ஒன்று, அந்த லாரியை ஓட்டியவருக்கு வரும் வருத்தம் இன்னொன்று. குற்றம் இல்லாத இடத்திலும் இந்த இரண்டாவது வருத்தம் இருக்கும், இருக்க வேண்டும் என்கிறார்.

அப்பாவின் நிலை அந்த டிரைவரைவிடக் கொஞ்சம் மோசம். அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவரை நிரபராதி என்று எழுதுவதும் பொய்தான். நான் ஆபீஸ் பாஷையில் கொடுக்க நினைத்த விடுதலை, அவர் வருடாவருடம் எர்ணாவூருக்கு நடந்த நடையை அர்த்தமில்லாததாக்கிவிடும். அதை அவர் வாங்கிக்கொள்ளத் தயாரில்லை.

"இதை மறுபடி எழுதட்டுமா? உன் பேரு வராம?" என்று கேட்டேன்.

"என் பேரை ஏன் எடுக்குற? இருக்கட்டும். என் பேருக்குக் கீழ மத்த பேரையும் எழுது. அவ்ளோதான்."

*

தமிழில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய துப்பறியும் கதை சிலப்பதிகாரமாக இருக்கலாம். திருட்டு, தவறான ஆள்மேல் பழி, அரசவையில் உடைக்கப்படும் தடயம். உள்ளே முத்தா மாணிக்கமா என்பதில் வழக்கு முடிகிறது. நாக்ஸின் விதிப்படி குற்றவாளி பொற்கொல்லன். முன்னாலேயே அறிமுகமானவன், திருடியவன், பொய் சொன்னவன். பாண்டியன் நினைத்திருந்தால், பொற்கொல்லன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவன் அப்படிச் சொல்லவில்லை. கள்வன் என்ற சொல்லைத் தன்மேலேயே எடுத்துக்கொண்டு உயிரை விட்டான். விசாரிக்காமல் ஆணையிட்ட வாய் தன்னுடையது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பொற்கொல்லனின் குற்றம் அதனால் குறைந்துவிடவில்லை. அதன் மேலே இன்னொரு பெயர் சேர்ந்தது.

எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கும் வட்டப்பாறை அம்மனைக் கண்ணகியோடு சேர்த்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. மதுரையை எரித்த கோபம் இங்கே வந்துதான் அடங்கியது என்பார்கள். சின்ன வயதில் அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். இப்போது கண்ணகியைவிட அந்தப் பாண்டியனைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். பொறுப்பை ஏற்கும் அரசன் கிடைத்ததால்தான் அந்தக் கதைக்கு ஒரு கடைசி அத்தியாயம் இருந்தது. நம் கதைகளில் அவன் வருவதேயில்லை. சிலம்பை உடைக்க ஆள் இருக்கிறார்கள், அரண்மனைதான் எங்கேயென்று தெரியவில்லை.

போன மாதம் குழுவில் அது நடந்த கதை என்று சொன்னேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. மெடிக்கல் ஷாப் நண்பன் மட்டும், "டேய், நான் கைதட்டிட்டேனேடா" என்றான். நானும் அதே பெயரைத்தான் எழுதினேன் என்றேன்.

பிறகு அக்கா ஒரு புதிய விதியை முன்மொழிந்தார். இனிமேல் எங்கள் கதைகளில், அந்த இடத்துக்கு ஒருபோதும் வராத ஒருவர் முதல் அத்தியாயத்தில் கட்டாயம் வர வேண்டும். ஒரு போன் காலாக, ஒரு கையொப்பமாக, தள்ளிப்போடப்பட்ட ஒரு தேதியாக, எப்படியாவது. கதை கெட்டுப்போகுமே சார், சஸ்பென்ஸ் நிற்காதே என்றார் கிளியரிங் அண்ணன். கெடட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார் தபால் சார். அடுத்த மாதத்துக்கு ஆறு புதுக் கவர்கள் வாங்கிவைத்திருக்கிறார். இந்த முறை அவை கொஞ்சம் பெரியவை. ஒரு பெயருக்கு மேல் எழுத வேண்டியிருக்குமே என்றார்.

அந்த முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். ரெஜிஸ்டரில் அந்த ஒரே வரி ஐந்து மாதம் இருந்தது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவரை எழுத வேண்டும். அப்பாவிடம் கேட்டால் சொல்கிறார். அவருக்கு எல்லாப் பெயரும் ஞாபகம் இருக்கிறது.